கத்திரி வெயிலில் பெய்த மழை

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில் வானிலை ஆபீஸ்காரர்கள் கருவி வைத்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். நகரத்தின் வெயிலையும் மழையையும் பேட்டைக்குப் பேட்டை தனித்தனியாக அளக்கப் போகிறார்களாம். பக்கத்தில் உயரமான கட்டடம் இல்லாத மாடி தேடி வந்தவர்களிடம் வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரியச் சம்மதித்தார். முன் போர்ஷனில் அவர். பின் போர்ஷனில் அம்மா, அக்கா, நான். ஒரு அறை, ஒரு சமையலறை, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்து நான் பார்த்ததில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். அதைச் சொல்லியே வரன்கள் தட்டிப் போயின. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வீட்டிலிருந்தபடி ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் காலம் வந்துவிட்டால் எங்களுக்கு மாடிதான் படுக்கையறை. ரங்கநாதன் தெருப் பாத்திரக்கடையில் பில் போட்டுவிட்டு வந்ததும் நான் அடிபம்பில் உப்புத் தண்ணீர் அடித்து மேலே தூக்கிப் போவேன். அவள் சொம்பால் மொண்டு தரையெல்லாம் விசிறுவாள். தரை புஸ்ஸென்று ஆவி விட்டு அடங்கும். அப்புறம் பாயைப் போட்டு, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். கடற்காற்று வந்துவிட்டால் அவள் நெஞ்சில் விசில் சத்தம் நின்றுவிடும். கீழே அறைக்குள் அது நிற்காது. மருந்தெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கருவியைப் பொருத்த ஒரு இளவயது இன்ஜினியர் இரண்டு ஆட்களோடு வந்தார். கம்பம் நட்டு, உச்சியில் சுழலும் கிண்ணங்களையும் காற்றுக்குத் திரும்பும் வாலையும் மாட்டினார்கள். சற்றுத் தள்ளி இடுப்பளவு உயரத்தில் ஒரு புனல் வைத்த உருளை. அது மழையை அளப்பதாம். தையல் மிஷினை விட்டுவிட்டு அக்கா அன்று முழுக்க மாடிப்படியிலேயே உட்கார்ந்து பார்த்தாள். அவள் கேட்டதற்கெல்லாம் அவர் சலிக்காமல் பதில் சொன்னார். உருளையைத் திறந்து, உள்ளே பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசாப் பலகை மாதிரி இரண்டு பக்கமும் சாயும் சின்னக் கிண்ணத்தைக் காட்டினார். மழை நிறைந்தால் ஒரு பக்கம் சாயும். எத்தனை முறை சாய்ந்தது என்பதுதான் கணக்கு. கிளம்பும்போது, புனலில் காக்கை எச்சம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னது வீட்டுக்காரரிடம். மூட்டு வலியால் அவர் மாடி ஏறுவதில்லை. அக்கா அந்த வேலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் கூடத்தில் ஒரு பெட்டி. அதில் மாடியின் சூடும் காற்றும் சிவப்பு எண்களாக ஓடும். அன்றிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை. பால்காரர், கீரைக்காரி, கோயிலுக்குப் போகிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் நிறுத்தி நம்மாத்து மாடி இன்றைக்கு எவ்வளவு என்று அறிவிப்பார். யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

கத்திரி ஆரம்பித்தது. இரவில் கரண்ட் போவதும் ஆரம்பித்தது. நாங்கள் கருவிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தோம். தினமும் தரைக்குத் தண்ணீர் தெளித்து முடித்ததும், வாளியில் மிச்சமிருப்பதில் ஒரு சொம்பு மொண்டு அந்தப் புனலைக் கழுவிவிடுவாள் அக்கா. பூஜைப் பாத்திரம் போல அத்தனை சுத்தமாக இருக்கும் அது.

ஒரு நாள் காலையில் ஜீப்பில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஊரே பொசுங்கிக்கொண்டிருக்க, மேற்கு மாம்பலத்தில் மட்டும் தினமும் ராத்திரி அடைமழை கொட்டுவதாகக் கருவி சொல்லிக்கொண்டிருந்ததாம். ஒரு சொம்புத் தண்ணீர் அந்தச் சின்னக் கிண்ணத்துக்கு அடைமழை. அக்கா தானே போய், நான்தான் கழுவினேன் என்றாள். அந்த இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்த அதிகாரிக்கு வரவில்லை. தரையில் தண்ணீர் தெளித்தால் சூட்டின் அளவும் கெட்டுப்போகும், மாடியில் ஆள் நடமாட்டமே கூடாது என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானமே மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது.

அம்மா சாவி கேட்டுப் போனாள். தண்ணீர் தெளிக்க மாட்டோம், கருவி பக்கம் போக மாட்டோம், பெண் உட்கார்ந்து மூச்சு விட ஒரு மூலை போதும் என்று கெஞ்சினாள். வீட்டுக்காரர் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. “நான் என்னம்மா பண்றது? எழுதிக் குடுத்துட்டேன். மேல யாரும் ஏறப்படாது” என்றார், ஏதோ தெய்வக் கட்டளை மாதிரி. நான் சண்டைக்குக் கிளம்பினேன். இந்த வாடகைக்கு வேறு வீடு யார் தருவார்கள் என்று என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது அக்காதான்.

அவள் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தாள். கொசு பிடுங்கியது. அறைக்குள் வந்தால் ஜன்னலும் சுவரும். ஈரத் துணியைத் தொங்கவிட்டோம், விசிறிக்கொண்டே இருந்தோம். ஊதும் மருந்து முன்பெல்லாம் எப்போதாவது எடுப்பாள். இப்போது தலைமாட்டிலேயே இருந்தது. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள், ஒரு விடியற்காலையில் அதுவும் கேட்கவில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆட்டோவில் அவளை நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டோம். துரைசாமி சப்வேயில் இறங்கி ஏறியபோது அந்த விசில் சத்தம் நின்றது. நின்றதே என்று ஒரு கணம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆட்டோக்காரர்தான் திரும்பிப் பார்த்தார். “மூச்சு கீதான்னு பாரும்மா” என்றார்.

அன்று சாயங்காலமே அக்காவை எடுத்தாகிவிட்டது. மறுநாள் காலை வீட்டுக்காரர் துக்கம் கேட்க வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை பொய்யில்லை. அக்கா தைத்த ஜாக்கெட்டுகளைத்தான் அவர் வீட்டம்மா போட்டுக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், வாய்க்குப் பழகிப்போனதையே அவர் பேசினார்.

“அன்னிக்கு ராத்திரி பூரா மாடியில நல்ல காத்து அடிச்சிண்டுன்னா இருந்துது. பெட்டியில பாத்தேனே. அப்படியிருக்க எப்படிம்மா இப்படி ஆச்சு?”

அம்மா தலை நிமிராமல், “சாவி உங்ககிட்ட இருந்துச்சு சார்” என்றாள்.

அவர் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய்விட்டார். சாயங்காலம் பார்த்தபோது மாடிக் கதவில் பூட்டு இல்லை. எனக்கு அவரை அடித்துக் கொல்ல வேண்டும் போல இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த அன்று அடிபம்பில் ஒரு வாளி அடித்து மாடிக்குத் தூக்கிப் போனேன். தரையில் ஒரு சொட்டும் விசிறவில்லை. சொம்பும் எடுத்துப் போகவில்லை. வாளியைத் தூக்கி அந்தப் புனலில் நிதானமாகச் சாய்த்தேன். உள்ளே அந்தக் கிண்ணம் டக் டக்கென்று இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டது. வானிலை ஆபீஸில் மழைக்கணக்கு எகிறியிருக்க வேண்டும். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வெளியே வந்து மாடிப்படியடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் இன்னொரு வாளி அடிக்கக் கீழே இறங்கினேன்.