ஓர் இரவு காத்திருந்த கையெழுத்து

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும், நாள் கிழமையும் மறந்துபோகிறது. ஊரில் இருக்கிறவர்களும் என்னைப்போல் கடல் தாண்டியவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை அடையாறில் நான் சமைக்கப் போன வீட்டில், எந்தக் காகிதத்திலும் வந்த அன்றே கையெழுத்து விழாது. கூரியர்காரர் வாசலில் நின்று கத்தினாலும் ஐயா, "நாளைக்கு" என்பார். ஐயா ஜெர்மன்காரர், எண்பது தாண்டியவர். ஜெர்மன் சொல்லிக்கொடுக்க வந்து நாற்பது வருஷம் இங்கேயே தனியாக இருந்துவிட்டார். அவருடைய தாத்தா ஒரு சின்ன ராச்சியத்துக்கு ராசா. முதல் உலகச் சண்டையில் ஜெர்மனி தோற்ற வருஷம், சிப்பாய்கள் முற்றத்தில் வந்து நிற்க, நீட்டிய தாளில் நின்றபடியே கையெழுத்துப் போட்டாராம். ராச்சியம் போயிற்று. பிறகு தன் அரண்மனையிலேயே இரண்டு அறையில் குடியிருந்து, "ஒரு நாள் பொறுத்திருக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே செத்தாராம். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் இது வழக்கம். பட்டம் இப்போது பாஸ்போர்ட்டில் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சொல், அவ்வளவுதான்.

எனக்கு அந்த வழக்கம் பிடித்திருந்தது. மன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கிய அன்று, முகாமில் அதிகாரி நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டவள் நான். கூட வந்த அண்ணனை என் புருஷன் என்று எழுதியிருந்தார்கள். இன்றுவரை மாற்ற முடியவில்லை. ஊரில் என்றால் கிராம அதிகாரி விதானையாருக்கு எங்கள் வீட்டையே தெரியும். இங்கே என்னைத் தெரிந்தது அந்தத் தாளுக்கு மட்டும்தான்.

போன ஆடியில் ஐயாவின் இடது காலில் சர்க்கரைப் புண் கறுத்துவிட்டது. மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

"இன்னிக்கே ரெண்டு விரலை எடுத்துட்டா போதும். கையெழுத்து போடுங்க சார்" என்றார் டாக்டரம்மா.

"நாளைக்கு" என்றார் ஐயா.

வார்டு ஆயா சிரித்தாள். "இன்னா நைனா, ராஜா வூட்டுப் புள்ளயா நீ? காலு அழுவிக்கினு கீது, நல்ல நேரம் பாக்குற!"

"ஆமா, ராஜா வீடுதான்" என்றார் ஐயா. அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு அவருக்கு? எடுத்துச் சொல்லுங்கம்மா."

"நான் சமைக்கிற ஆள், அம்மா."

'போடுங்கோ ஐயா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தாளைப் பார்த்ததும் முகாம் மேசைதான் கண்ணில் வந்தது. ஒரு நாள் பொறுத்தால் என்ன என்று எனக்கும் பட்டது.

காலையில் ஐயா பேனாவைக் கேட்டார். டாக்டரம்மா கொண்டுவந்தது வேறு தாள். கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டதாம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம். ஐயா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தத் தாளில் உடனே போட்டார்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த துணிக்கடை பாய்தான், "எங்கள்ல காலை எடுத்தாலும் அடக்கம் பண்ணுவோம்மா. குப்பையில போக வுட்றாதீங்க" என்றார். ஐயா வேதக்காரர், கிறிஸ்தவர். மந்தைவெளிப் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் கெஞ்சி இரண்டு முழ இடம் வாங்கி, எடுத்த காலைப் புதைத்தேன். அடுத்த மாதம் அவருடைய அண்ணன் மகன் வந்து, ஐயாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஜெர்மனிக்குக் கூட்டிப்போய்விட்டார். இன்னும் ஒரு தகவலும் இல்லை.

அவருடைய ஊர்ப் பெயர் என் வாயில் நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டது தாத்தாவா, தாத்தாவின் அப்பாவா என்பதிலும் இப்போது குழப்பமாக இருக்கிறது. ஜெர்மனியில் இருக்கிற நம் பிள்ளைகள் யாராவது விசாரித்து, பிழையைத் திருத்திச் சொல்லுங்கள். அவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். சிலுவையில் என்ன தேதி எழுத என்று கல்லறைத் தோட்டத்துக்காரர் கேட்டபடி இருக்கிறார். கால் மட்டும் படுத்திருக்கிற குழிக்கு நான் என்ன சொல்ல?