அப்ளைக்குள் ஓர் அப்ளை

குரும்பலூர் அம்பிகாவுக்கு அப்ளை என்றால் உயிர். கோட்லின் என்ற கணினி மொழியில் மொபைல் ஆப் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கட்டளை பெரிய சௌகரியம். புதிதாக ஒரு விவசாயிக்குப் பதிவு உருவாக்கி, அப்ளை போட்டு உள்ளே நுழைந்துவிட்டால், யாருடைய பெயர், யாருடைய ஊர் என்று வரிக்கு வரி சொல்ல வேண்டாம், மளமளவென்று நிரப்பிவிடலாம். பிள்ளை பெற்று ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, பெரம்பலூர் கம்பெனியில் மூன்று மாதச் சோதனை வேலையில் சேர்ந்தவளுக்கு வேகம்தானே முக்கியம்? கண்ட இடத்திலெல்லாம் அப்ளை போட்டாள்.

சனிக்கிழமையோடு சோதனை முடிகிறது. வெள்ளியன்று சின்ன வெங்காயம் பயிரிடுவோரைப் பதியும் ஆப்பை அரும்பாவூர் விவசாயிகளிடம் காட்ட வேண்டும். ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம், சொதப்பினால் மறுபடி அடுப்படிதான். வெள்ளியன்று ஊர்ச் சமுதாயக்கூடத்தில் முதல் ஆளாக ரத்தினம்மாள் பதிந்தார். திரையில் பளிச்சென்று வந்தது: 'மேட்டுக்காட்டில் பயிர் செய்பவர்: மேட்டுக்காடு.'

"ஏம்மா, எங்காடு தானே வெதச்சு, தானே களையெடுத்துக்குதா? அப்பறம் நான் எதுக்கு?" என்றார் ரத்தினம்மாள். சமுதாயக்கூடமே சிரித்தது. முதலாளி பாக்கியராஜ் சிரிக்கவில்லை.

அம்பிகா லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். விவசாயியின் அப்ளைக்குள்ளேயே நிலத்துக்கும் ஓர் அப்ளை! அதற்குள் நின்று 'பெயர்' என்றால் நிலத்தின் பெயர்தானே வரும்? அட கூறுகெட்டவளே! இத்தனை நாள் இது ஏன் கண்ணில் படவில்லை? சோதித்ததெல்லாம் மாமனார் சிங்காரவேலுவை வைத்து. அவர் காட்டையும் வீட்டில் 'சிங்காரவேலு' என்றே சொல்வார்கள். இரண்டு கட்டத்திலும் அதையே அடித்திருந்தாள், எங்கே தெரியும்!

"சார், தப்பு என்னுதுதான். பத்து நிமிஷம் குடுங்க."

உள்ளே இருந்த அப்ளையை எடுத்துவிட்டு ஆல்சோ என்ற இன்னொரு கட்டளையைப் போட்டாள். அதில் நிலத்தை நிலம் என்று சொல்லித்தான் கூப்பிட வேண்டும்; வெறுமனே 'பெயர்' என்றால் விவசாயியின் பெயர்தான் வரும். நாலு எழுத்து கூடத்தான் அடிக்க வேண்டியிருந்தது. அடித்தாள்.

ரத்தினம்மாள் மறுபடி பதிந்தார். 'மேட்டுக்காட்டில் பயிர் செய்பவர்: ரத்தினம்மாள்.'

அவர் சிரிக்கவில்லை. எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "பட்டாவுல அவரு பேரு. பேங்க்குல மவன் பேரு. காட்டுல கெடக்குறவ நானு. இதுலயாச்சும் எம்பேரு வந்துச்சே."

பின்னால் நின்ற பெண்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னே வந்தார்கள். அம்பிகா ஒவ்வொருவர் பெயராகக் கேட்டுக் கேட்டுப் பதிந்தாள்.

பாக்கியராஜ் பக்கத்தில் வந்து நின்றார். "திங்கக்கிழம அரியலூர்ல இதையே காட்டணும். நீங்களே வந்துடுங்க."

அம்பிகா அடுத்த பெயரை அடித்துவிட்டு நிமிர்ந்தாள். "வந்துடறேன் சார்" என்றாள்.