கொடியில் காயாத சீலைகள்

சாவகச்சேரிச் சின்னத்தங்கத்துக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் பிள்ளை வளர்ப்பில் ஊர் யோசனை கேட்பது அவளிடம்தான். பெற்றவர்களுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரம் ஏது?

"ஒண்டரை வயசாச்சு, இன்னும் இடுப்பிலை கட்டின சீலையிலைதான் போறான்" என்று பக்கத்து வளவு மகாதேவி மகனை இழுத்து வந்தால், ஏச்சு விழுவது மகாதேவிக்கு.

"அவசரம் உனக்கோ அவனுக்கோ? மத்தியானம் நித்திரையாலை எழும்பேக்கை சீலை காய்ஞ்சு கிடக்குதோ? வரப்போகுதெண்டால் எங்கையும் போய் ஒளிக்கிறானோ? தானாய்க் குந்தி எழும்புறானோ? உதொண்டும் இல்லாமல் அடிச்சால் அழுகைதான் வரும், போ!"

இவ்வளவு கூர்மையான கண், தன் வீட்டுக்குள் மட்டும் மங்கிப்போயிற்று.

வீட்டில் இருந்தது தம்பி கனகரத்தினத்தின் மகள் அருந்ததி. பிறந்த கிழமையே தாயை இழந்தவள். சின்னத்தங்கமும் அதற்கு முன்பே புருஷனைப் பறிகொடுத்திருந்தாள். அவள் குழந்தையைத் தூக்கி வந்தது குழந்தைக்காகவா தனக்காகவா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பிறகு தம்பி கொழும்புத்துறையில் மறுமணம் செய்தான். புதியவள் பத்மாசினி நல்லவள்தான். சீலை அலசுவது மட்டும் அவளுக்கு ஒத்துவராது. "பிள்ளை சொல்லிப் போகப் பழகட்டும், கூட்டி வருவம்" என்றுவிட்டாள்.

இரண்டு வயதில் அருந்ததி வாழைக்குப் பின்னால் போய் ஒளியத் தொடங்கினாள். சீலை காய்ந்தே கிடந்தது. சின்னத்தங்கம் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தம்பி வரும் ஞாயிறுகளில், காய்ந்த சீலைகளைக் கிணற்றடியில் நனைத்துக் கொடி நிறையப் போட்டாள்.

"இன்னும் இல்லையோ, அக்கா?"

"எங்கை, தம்பி! நீயே கொடியைப் பாரன்."

அவன் பார்த்தான், பெருமூச்சுடன் கோச்சி பிடிக்க ரயில் நிலையத்துக்குப் போனான்.

ஒரு ஞாயிறு அவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் அருந்ததி வந்து சின்னத்தங்கத்தின் முந்தானையை இழுத்தாள்.

"மாமி, கக்கா."

மாமிக்குக் காது கேட்கவில்லை. பிள்ளை தானே நடந்து போய் வாழையடியில் குந்தியது. வேலை முடிந்ததும் வளவே அதிரக் கூப்பிட்டது: "மாமீ, கழுவ வாங்கோ!"

கனகரத்தினம் கொடியைப் பார்த்தான். "அப்ப உது ஆருடைய சீலை, அக்கா?"

அன்று பின்னேரமே குழந்தை தகப்பனோடு போய்விட்டது. சீலைகள் ஈரமாக இருந்ததால் கட்டிக் கொடுக்க முடியவில்லை. அவை காய்ந்த பிறகு மடித்துப் பெட்டகத்தில் வைத்தாள். ஒருத்திக்காக எதற்கு என்று இரவில் அடுப்பு மூட்டுவதையும் விட்டாள்.

அடுத்த மாதம் தம்பி தனியே வந்தான்.

"அங்கை வந்து எல்லாத்தையும் மறந்திட்டுதக்கா. பாயெல்லாம் ஈரம். பத்மாசினி ஏசுறாள். நாங்கள் அவசரப்பட்டிட்டமோ? ஓமெண்டு சொல்லுங்கோ, நாளைக்கே கொண்டந்து விடுறன்."

ஒரு 'ஓம்' போதும். சின்னத்தங்கம் வாழைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லை. பிள்ளை பழகித்தான் கிடக்கு. வீடு புதுசெல்லே, பயந்திருக்கும். ஏசாதையுங்கோ. ஒரு இடத்தைக் காட்டிவிட்டுப் பொறுங்கோ, தானாய்ச் சொல்லும்."

அவன் முகம் தெளிந்து எழுந்தான். "அதுவரைக்கும் சீலை ஏதும் கிடக்கோ, அக்கா?"

பெட்டகத்தைத் திறந்து, ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை அவை நன்றாகக் காய்ந்திருந்தன.