கமலா அக்காவின் சிரிக்கிற எழுத்து

போன் வந்தபோது ஸ்ட்ராபெரி ஜாம் புட்டிகளுக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்தேன். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள் மலர். லேபிளில் இருந்ததும் அவள் அம்மா கமலா அக்காவின் எழுத்துதான். மெஷினை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

உங்களில் பலர் தேயிலைத் தோட்டத்துத் தேநீர்க் கடையில் கமலா அக்கா கையால் டீ வாங்கிக் குடித்திருப்பீர்கள். வாசலில் அவர் எழுதி வைத்த விலைப்பலகையைப் படித்துச் சிரித்திருப்பீர்கள். அதில் 'ம' தொப்பை தள்ளி உட்கார்ந்திருக்கும். 'ழ'வின் வால் பூசணிக்கொடி மாதிரி சுருண்டு பக்கத்து எழுத்தைத் தொடும். ஒன்றும் கோட்டில் நிற்காது. அடியில் எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு ஒரே வரி: "டீ குடிக்காம போகாதீங்க லா."

மலையூரான தானா ராத்தாவில் அச்சுக்கடை வைத்திருக்கும் எனக்கு அந்த எழுத்தின் மேல் பேராசை. மழை விடாத ஒரு வாரம் அவரைக் கடையில் உட்காரவைத்து அத்தனை எழுத்தையும் எழுதி வாங்கி, கணினியில் எழுத்துருவாக்கினேன். "இந்த 'ஙூ'வை எந்த மனுசன்டா எழுதப் போறான்?" என்று திட்டிக்கொண்டேதான் எழுதினார். பிறகு பிறந்தநாள் அட்டை, காதுகுத்து அழைப்பு, பிரிஞ்சாங் சந்தையின் சோளக்கடை என்று எங்கே பார்த்தாலும் அக்காதான்.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. ஒரு மழைக்காலத்தில் தோட்டத்துச் சாலையோரம் மண் சரிந்தது. தோட்டத்தில் அவசரமாக எச்சரிக்கைப் பலகை கேட்டார்கள். 'மண் சரியும், இங்கே நிற்காதீர்' என்று அக்காவின் எழுத்திலேயே அடித்துக் கொடுத்தேன். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பலகை அழகாயிருக்கிறதென்று சரியாக அங்கேயே நின்று படம் எடுத்தார்கள்! அக்கா பலகையைப் பிடுங்கி, காய்கறி லோரியில் ஏறி, நேரே என் கடைக்கு வந்துவிட்டார்.

"பயப்பட வேண்டிய எடத்துல பல்லக் காட்டுது! எவனாவது மண்ணுக்குள்ள போனா, அப்பவும் இது சிரிச்சிக்கிட்டுத்தானே நிக்கும்?"

"உங்க எழுத்துதானேக்கா" என்றேன் வீம்பாக.

"அதான் வயிறு எரியுது!"

தடித்த நேர் எழுத்தில் புதுப் பலகை அடித்து முடிக்கும்வரை அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

இப்போது மலர் கேட்டாள்: "நோட்டீஸ அம்மா எழுத்துலயே போடுங்க மாமா. அவங்களோடதுன்னு வேற என்ன இருக்கு?" போட்டுப் பார்த்தேன். 'காலமானார்' என்ற சொல் திரையில் குதித்துக்கொண்டிருந்தது. அழுகிற பிள்ளையிடம் எப்படி மாட்டேன் என்பது? அக்காவின் பேச்சை எப்படி மீறுவது?

கடைசியில் நோட்டீஸை நேர் எழுத்தில்தான் அடித்தேன். மலர் முகம் சுருங்கியது. கூடவே அக்காவின் எழுத்தில் அடித்துக் கொண்டுபோன பலகையைத் துக்க வீட்டில் டீ வைத்திருந்த மேசைமேல் நிறுத்தினேன். "டீ குடிக்காம போகாதீங்க லா." படித்ததும் மலர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்று டீ குடிக்காமல் யாரும் போகவில்லை.

அந்த எழுத்துருவை யார் கேட்டாலும் கொடுக்கிறேன். ஆனால் அக்கா பிடுங்கி வந்த பலகை என் கடைச் சுவரில் இருக்கிறது, அதைத் தரமாட்டேன். அதைப் பார்க்கும்போது, என்னைத் திட்ட இன்னும் ஆள் இருக்கிறது என்று ஒரு தைரியம்.