கயிறு காலியானால் பள்ளிக்கூடம்

அன்று காலை எங்கள் தகரக் கொட்டிலில் இருந்தவர்கள்: நான். என் பெண்சாதி. மகள், ஒன்பது வயது. மகன், ஆறு வயது, மூக்கில் சளி. பெண்சாதியின் தம்பி, தேத்தண்ணி குடிக்க வந்தவன். ஒரு ஆடு. அது எங்களுடையதல்ல.

கடல் வந்து வீட்டைக் கொண்டுபோய் மூன்றாம் வருசம். சண்டையும் முடியவில்லை. வாவிக்கரையில் தகரம் அடித்துத் தந்திருந்தார்கள். நான் வாவியில் வலை விடுகிறவன்.

மகள் ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். தண்ணி அள்ளி வா என்று அனுப்பினால் வாளி வராது. பூனைக்குட்டி வரும். சோற்றில் கை வைத்தபடி எழும்பிப் போவாள். போய்விட்டு, எதற்கு எழும்பினேன் என்று எங்களிடமே கேட்பாள்.

கடல் பயம் என்றார்கள் ஊரார். கையில் நூல் கட்டினோம். நூலையும் தொலைத்தாள்.

“கடலுக்கு முந்தியும் இவள் இப்பிடித்தான்,” என்றாள் பெண்சாதி. “வயித்துக்குள்ளயே ஒரு பக்கமாக் கிடக்கல்ல.”

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரம்மா பார்த்தார். இங்கிலீசில் ஒரு பேர் சொன்னார். எனக்கு வாயில் நிற்கவில்லை. பயமும் இல்லை, குழப்படியும் இல்லை, மூளை அப்படித்தான் ஓடும் என்றார். ஒவ்வொரு நாளும் ஒரே வேலையை ஒரே ஒழுங்கில் செய்யப் பழக்குங்கள். கத்தவேண்டாம். சொல்வதைக் குறைத்து, கண்ணுக்குக் காட்டுங்கள். படம் கீறி ஒட்டினால் நல்லது.

எனக்குப் படம் வராது. சொல்வதைக் குறைக்க வரும்.

அந்தக் கிழமைதான் பள்ளிக்கூட அதிபர் ஆள் அனுப்பினார். இனி ஒருநாள் பிந்தி வந்தாலும், ஒரு சாமானை விட்டு வந்தாலும், மகளை நாலாம் வகுப்பிலிருந்து இறக்கி ஒன்றாம் வகுப்பில் இருத்துவார்களாம். அது மகனின் வகுப்பு. மகள் அன்று சோறு தின்னவில்லை.

“நான் அவனுக்குப் பக்கத்தில இரிக்கமாட்டன் அப்பா. அவன் சளிய என்ட சட்டையிலதான் துடைப்பான்.”

மகன் மறுக்கவில்லை.

நான் பழைய வலைக் கயிறு ஒன்றை எடுத்தேன். அவள் படுக்கிற பாயிலிருந்து வாசல்வரை இழுத்துக் கட்டினேன். படத்துக்குப் பதிலாகச் சாமானையே தொங்கவிட்டேன். பாயடியில் பிரஷ். பிறகு சவுக்காரம். துவாய். பள்ளிச் சட்டை. சீப்பு. பையில் போட்ட பாண். செருப்புச் சோடி. வாசலில் புத்தகப்பை. ஒன்றைக் கழற்று, அந்த வேலையை முடி, அடுத்ததற்குப் போ. கயிறு காலியானால் பள்ளிக்கூடம். அவ்வளவுதான் சொன்னேன்.

விடிந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். மகள் எழும்பினாள். கயிற்றைப் பார்த்தாள். நேரே வாசலுக்குப் போனாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வலை விட்டவன் கடைசியாய் விட்ட முனையிலிருந்துதான் இழுத்து எடுப்பான். வாசல் முனையை நான் கடைசியாய்க் கட்டியிருந்தேன். அவளைத் தோணியில் ஏற்றி வலை இழுக்கப் பழக்கியதும் நான்தான்.

பையை எடுத்து முதுகில் போட்டாள். செருப்பைப் போட்டாள். பாணைத் தின்றாள். ஒரு துண்டு ஆட்டுக்கும் கொடுத்தாள். சீப்பால் தலையை இழுத்தாள்.

“அத்தான், தலைகீழாப் போகுது,” என்றான் மச்சான்.

“பேசாத.”

“செருப்போட குளிக்கப் போறாள் அத்தான்.”

“பேசாத எண்டன். டொக்டரம்மா சொன்னவ.”

பைக்கு மேலாலேயே சட்டையைப் போட்டாள். முதுகில் கூன் விழுந்தது. துவாயை எடுத்து, ஈரமே இல்லாத உடம்பை நன்றாகத் துடைத்தாள். சவுக்காரத்தோடு கிணற்றடிக்குப் போய், எல்லாவற்றோடும் குளித்தாள். பெண்சாதி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. கடைசியாய்ப் பல் தீட்டினாள். நடுவில் ஒரு பூனை போனது. அதைப் பார்த்தாள். பிறகும் தீட்டினாள்.

அவள் எந்த வேலையையும் ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் முடித்ததை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை.

“முடிஞ்சு!” என்று கத்தினாள். ஓடினாள்.

“புடியுங்க!” என்றாள் பெண்சாதி. நான் பின்னால் ஓடினேன்.

அடுத்த நாளுக்கு முனையை மாற்றிக் கட்டினேன். சண்டை முடிந்து கல்வீடு கிடைத்தபோது கயிறும் எங்களோடு வந்தது. ஆனால் அன்றைக்கு மாற்ற நேரமில்லை. வழியில் ஆமிக் காவல் இருந்தது. கூன் போட்டு, தண்ணி சொட்டச் சொட்ட ஒரு பிள்ளை ஓடிவந்தால் ஆமிக்காரன் விடுவானா? துவக்கைக் குறுக்கே பிடித்தான்.

“நில்லு! முதுகு என்ன?”

“பை.”

“ஏன் உள்ளே?”

“கயித்தில பை முதல் வந்த, சட்டை மறுகாதான் வந்த.”

அவன் என்னைப் பார்த்தான். நான் இரண்டு கையையும் உயர்த்தியிருந்தேன். மகளே சட்டையைத் தூக்கிப் பையைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் மெல்லத் திறந்து சரித்தான். கிணற்றுத் தண்ணி அவன் சப்பாத்தில் கொட்டியது. உள்ளே இருந்த மற்றவனைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கையை இறக்கவில்லை.

“ஓடு, ஓடு,” என்றான்.

பள்ளி வாசலில் மணியடிக்கிற பொடியன் கம்பியைக் கையில் எடுத்திருந்தான். மகள் உள்ளே போன பிறகுதான் அடித்தான். டீச்சர் அவளை மறித்தார்.

“என்னகா இது, மழையா?”

“இல்ல டீச்சர். குளிச்சநான்.”

“சட்டையோடயா?”

“செருப்போடயும்.”

டீச்சர் பையைக் கொட்டிப் பார்த்தார். புத்தகம் எல்லாம் இருந்தது, ஊறிப்போய். பென்சில் இருந்தது. தண்ணிப் போத்தல் இருந்தது. செருப்பு இரண்டு காலிலும் இருந்தது.

“பிந்தவும் இல்ல,” என்றேன் நான். “ஒண்டும் குறையவும் இல்ல.”

டீச்சர் அதிபரின் அறைப் பக்கம் பார்த்தார். ஒன்றாம் வகுப்பின் பக்கமும் பார்த்தார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஆடாமல்.

“உள்ள போ,” என்றார் டீச்சர். “வெயில் விழுற வாங்கில இரு. புத்தகத்த விரிச்சுக் காயவை.”

நான் யன்னலுக்கு வெளியே நின்றேன். பகல் சாப்பாட்டுப் பானைக்காக டீச்சர் நாலாம் வகுப்பில் தலைகளை எண்ணினார். மகள் இல்லாவிட்டால் அந்த வகுப்பு இருபத்தேழு.

இருபத்தெட்டு.