அண்ணன் போட்ட தளத்தில் வண்டி ஏறியது

எங்கள் ஃபைபர் போட்டின் தளம் என் அண்ணன் போட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன தடைக்காலத்தில், யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்று போட்டெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தபோது, பழைய தளத்தை முழுக்கப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டான். கொஞ்ச காலம் போட் கட்டும் பட்டறையில் வேலை செய்தவன் அவன். கீழே தெர்மாகோல், அதன் மேல் பலகை, அதன் மேல் கண்ணாடி நார் மேட்டை விரித்து ரெசின் பசை தடவி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடியும் ஒரு மேட். ரெசின் நாற்றம் தாங்காமல் அண்ணியின் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்தான். எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் அப்படி ஒரு தளம் வேறு எந்தப் போட்டிலும் கிடையாது. தங்கச்சி என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து அவன் போய்விட்டான். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வருவதைத்தான் எழுத முடியும்.

பொங்கல் முடிந்ததும் அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். பழவேற்காடு ஏரிக்கு நடுவில் இருக்கும் தீவு அவள் ஊர். அங்கே அங்கன்வாடியில் அவளுக்கு உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. வீடு ஒரு கோடி, அங்கன்வாடி இன்னொரு கோடி. நடுவில் மணல் ரோடு. ஆட்டோ, பஸ் ஒன்றும் கிடையாது. ஆனால் அண்ணிக்கு வண்டி ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் லைட்ஹவுஸ் ரோட்டில் அண்ணன்தான் அவன் பைக்கை ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பைக் அவளுக்குத்தான் என்று அம்மா எப்போதோ சொல்லிவிட்டாள். அதில் யாருக்கும் பேச்சு இல்லை. தீவுக்குப் போகும் பயணிகள் படகில் பைக்கை ஏற்ற மாட்டார்கள். எங்கள் போட்டில்தான் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் எங்கள் அப்பா, நைனா, மறித்தார்.

"வண்டிய அவ எடுத்துக்கினு போவட்டும். எம் போட்ல ஏறாது," என்றார்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. கோட்டைக்குப்பத்தில் ஒருவர் மகளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த பைக்கைத் தன் போட்டில் ஏற்றி, சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திக் கொண்டுபோனார். பைக்கின் மொத்தப் பாரமும் அந்த ஸ்டாண்டின் சின்னக் காலில் இறங்கி, தளத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை விழுந்தது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி இறங்கி, போட் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. கடைசியில் தளத்தையே அறுத்துப் போட்டார்கள். பெட்ரோல் சிந்தினால் இன்னும் மோசம். தெர்மாகோல் வெல்லம் மாதிரிக் கரைந்துவிடும்.

எங்கள் தளத்தை அறுத்தால் மறுபடி போட அண்ணன் வரமாட்டான். நைனா அதை வாயால் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் அப்போது அண்ணி மேல் கோபம்தான். எங்களை விட்டுப் போகிறாள், பைக்கையும் கொண்டுபோகிறாள், போகிற போக்கில் தளத்தையும் உடைத்துவிட்டுப் போகப்போகிறாள் என்று மனசுக்குள் திட்டினேன். இரண்டு நாள் அவளுக்குச் சோறு போடும்போது முகம் பார்க்கவில்லை.

அம்மாதான் வழிக்குக் கொண்டுவந்தாள். மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் நைனாவிடம் சொன்னாள்: "எம் புள்ள தளம் போட்டது மீனு கொட்டத்தான். பூ போட்டுக் கும்புடவா? ஒடையாம எப்டி கொண்டும்போறதுன்னு பாரு."

நைனா எழுந்து போனார். சாயங்காலம் ஒரு பழைய மரப்படகின் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் அகலம், என்னைவிட நீளம். தளத்துக்கு அடியில் குறுக்குக் கட்டைகள் எங்கெங்கே ஓடுகின்றன என்று அவருக்குத் தெரியும். பலகை மூன்று கட்டைகளின் மேல் வருகிற மாதிரி அளந்தார். அப்படி வைத்தால் பாரம் கட்டைகளுக்குப் போய்விடும், நடுவில் இருக்கும் தளத்துக்கு வராது. சக்கரம் நகராமல் இருக்கப் பலகை மேல் சின்னக் கட்டைகள் அடித்தார். ஆணி மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். பலகையின் நாலு முனையிலும் கோணி சுற்றி நான் தைத்தேன். அடியில் விரிக்க லாரி டியூபை வெட்டி வைத்தோம். பைக்கில் இருந்த பெட்ரோலை முழுக்க ஒரு கேனில் இறக்கி, அதைப் பயணிகள் படகில் தனியாக அனுப்பிவிட்டோம்.

கடலுக்குப் போகும் போட்டில் பெண்கள் ஏறும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. ஏரிக்குள் என்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முகத்துவாரம் வழியாகப் போட்டைக் கொண்டுவந்து, பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கல்லறையைத் தாண்டி இருக்கும் துறையில் நிறுத்தினார் நைனா. நாலு பேர் சேர்ந்து பைக்கைத் தூக்கிப் பலகை மேல் வைத்தார்கள். நைனா சைடு ஸ்டாண்டை இறக்கிவிட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டினார்.

எப்படிக் கட்டினார் தெரியுமா? போட்டைக் கட்டுகிற மாதிரி கட்டினார். எங்கள் ஆட்களுக்குக் கட்டுவது என்றால் அதுதான். தண்ணீர் ஏறும், இறங்கும். போட்டும் கூடவே ஏறி இறங்க வேண்டும். அதனால் கயிற்றில் எப்போதும் கொஞ்சம் தளர்ச்சி விடுவோம். இறுக்கிக் கட்டினால் தண்ணீர் வற்றும்போது போட் தொங்கிவிடும். சின்ன வயதில் இருந்து கைக்குப் பழகியது. பைக்கையும் அப்படியே தளர்ச்சி விட்டுக் கட்டிவிட்டு, போட்டை ஆட்டிப் பார்க்கச் சொன்னார்.

இரண்டு பேர் ஆட்டினார்கள். போட் ஒரு பக்கம் போனால் பைக் இன்னொரு பக்கம் போனது. முன்சக்கரம் எகிறிக் குதித்தது. ஸ்டாண்டு பலகையை டக் டக்கென்று குத்திக்கொண்டே நகர்ந்து, பலகையின் ஓரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு குத்து என்றால் தளத்தில்தான். நைனா பாய்ந்து வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் கேட்டார்: "இன்னா அண்ணாத்தே, மருமவள ஊட்டுக்கு அனுப்புறியா, வண்டிய ஏரிக்கு அனுப்புறியா?" எல்லோரும் சிரித்தார்கள். நைனா முகம் கறுத்துப்போனது. இறக்குங்கள், போதும் என்றார்.

அண்ணி அதுவரை முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் வாய் திறந்தாள். "மாமா, போட்டுக்குக் கீழ தண்ணி ஏறும் எறங்கும், அத்தொட்டு தளர்வா கட்றோம். வண்டிக்குக் கீழ இன்னா தண்ணியா கீது? இத்த அமுக்கிக் கட்டணும். ஸ்டாண்டே வாணாம்."

"காலே இல்லாம எப்டிம்மா நிக்கும்?"

"ஓட்டசொல்ல ஸ்டாண்ட போட்டுக்கினா ஓட்றோம்?"

முன்பு ஒரு முறை பொன்னேரியில் ரிப்பேர் முடிந்து லோடு ஆட்டோவில் பைக் திரும்பி வந்தபோது, அந்த டிரைவர் அப்படித்தான் கட்டியிருந்தாராம். அவள் பார்த்திருக்கிறாள். நைனா கயிற்றை அவள் பக்கம் தள்ளிவிட்டு நின்றார்.

அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போட்டில் ஏறி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, பைக்கில் கால் போட்டு உட்கார்ந்தாள். ஹேண்டிலைப் பிடித்துத் தன் பாரம் முழுக்க முன்னால் சாய்த்து அமுக்கினாள். முன்பக்க ஷாக் அப்சர்பர் பாதிக்கு மேல் இறங்கியது. அந்த நிலையில் இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இழுத்துப் பிடிக்க, நைனா முடிச்சுப் போட்டார். பின்பக்கமும் அப்படியே. புருஷன் போய் மூன்று மாதம் ஆன பெண் நடுத்துறையில், போட்டுக்குள் பைக் மேல் உட்கார்ந்திருக்கிறாள். கரையில் இருந்தவர்கள் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் நினைவு இருக்கிறது. அம்மா கரையில் நின்று அவர்களைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொருவராக வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அண்ணி இறங்கிய பிறகு மறுபடியும் ஆட்டச் சொன்னார் நைனா. போட் ஆடியது. பைக் அதோடு சேர்ந்து ஆடியது, எஞ்சின் ஆடுகிற மாதிரி, போட்டில் அதுவும் ஒரு பாகம் என்கிற மாதிரி. தனியாக ஒரு அசைவு இல்லை. என் கோபம் எப்போது போனது என்று கேட்டால் அப்போதுதான்.

அம்மா கரையிலேயே நின்றுகொண்டாள். நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம்.

பாதி ஏரியில் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. அலை பக்கவாட்டில் அடித்துத் தண்ணீர் உள்ளே தெறித்தது. நான் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையைக் கயிற்றின் மேல் வைத்திருந்தேன். நைலான் கயிறு, நனைய நனைய நீண்டுகொடுக்கும். விரலுக்குக் கீழே அது தொய்வது தெரிந்தது. நைனாவிடம் கத்திச் சொன்னேன். அவர் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார், எஞ்சினை விட்டு அவரால் நகர முடியாது. அண்ணி எழுந்து மறுபடியும் பைக்கில் ஏறி அமுக்கினாள். நான் கயிற்றுக்கு நடுவில் ஒரு குச்சியை விட்டு முறுக்கினேன், ஈரத்துணி பிழிகிற மாதிரி, குச்சி இனிமேல் திரும்பாது என்கிற வரைக்கும். பிறகு அந்தக் குச்சியை விடாமல் பிடித்துக்கொண்டேன். கை எரிந்தது.

கரை வரும்வரை அண்ணி பைக்கை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையும் ஹேண்டிலில், பார்வை நேராக முன்னால். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அழுதாளா என்று தெரியாது. நான் அழுதேன். துக்கத்தில் மட்டும் அழவில்லை. அவள் என் அண்ணனுக்குப் பெண்டாட்டி என்று பெருமையாக இருந்தது.

தீவில் ஆட்கள் வந்து பைக்கை இறக்கினார்கள். நைனா பைக்கையும் பார்க்கவில்லை, ஆட்களையும் பார்க்கவில்லை. பலகையைத் தூக்கினார், டியூபை எடுத்தார், துண்டால் தளத்தைத் துடைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து கையால் தடவினார். என்னைக் கூப்பிட்டு, நீயும் தடவிப் பார் என்றார். குழி இல்லை, கீறல் இல்லை. அண்ணன் தேய்த்த மாதிரியே இருந்தது. அண்ணி கேனில் இருந்து பெட்ரோல் ஊற்றிக் கிக்கரை உதைத்தாள். கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டு ஸ்டார்ட் ஆனது. நைனாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மணல் ரோட்டில் ஏறிப் போனாள்.

இப்போது தீவுக்கு பைக் கொண்டுபோக வேண்டும் என்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். நைனா உடனே சம்மதிப்பதில்லை. முதலில் பெட்ரோலை இறக்கச் சொல்வார். ஸ்டாண்டை மேலே தூக்கிக் கட்டச் சொல்வார். பிறகு அவர்களைப் போட்டுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், "எம் புள்ள போட்ட தளம், பாத்து ஏறு," என்பார். கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். எத்தனை மேட், எப்படித் தேய்த்தான் என்று முழுக்கச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பைக் கரையிலேயே நிற்கும். வந்தவர்களுக்கு அவசரமாக இருக்கும், எனக்கு அவசரம் இல்லை. கயிற்றைப் பிரித்துக்கொண்டு, நன்றாகக் கேட்கிற தூரத்தில் நின்றுகொள்வேன்.