கியர் பொக்ஸுக்குப் போன இரண்டு வருடம்

என் கணவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. யுத்தத்தில் போனது. அதனால் அவரால் ஓட்டோ கியர் வாகனம் மட்டும்தான் ஓட்ட முடியும். கிளச் மிதிக்கிற வேலை அதில் இல்லை. நாங்கள் மாதாமாதம் கட்டுகிற லீசிங்கில் எடுத்த பழைய ஜப்பான் வான் அப்படிப்பட்டதுதான். தன்னாமுனையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, கலியாண வீடுகளுக்கு, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு என்று ஆட்களை ஏற்றி ஹயர் ஓடி எங்களைப் பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் வாழைச்சேனையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வான் நடு ரோட்டில் நின்றுவிட்டது. எஞ்சின் இரைகிறது, சக்கரம் உருளவில்லை என்று போனில் சொன்னார். யாரோ ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி ஏறாவூர் வரைக்கும் இழுத்துவந்து கராஜில் விட்டிருக்கிறார்.

கராஜ்காரர் எங்கள் வானை முதலிலிருந்தே பார்ப்பவர். ஏறாவூர் முஸ்லிம். அண்ணன் முறையில் நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கியர் பொக்ஸை முழுக்கப் பிரித்துச் செய்ய வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார். வான் எடுக்கும்போது நாங்கள் கட்டிய முற்பணத்தை விட அது கூடுதல். அதைக் கேட்டதிலிருந்து என் கணவர் சாப்பாட்டுக்குக் கூட வாய் திறக்கவில்லை. ஒரு இரும்புப் பெட்டியைத் திருத்த இவ்வளவா என்று எனக்குப் பட்டது. நானும் வாறன் என்று அவரோடு புறப்பட்டேன்.

கராஜில் கியர் பொக்ஸ் பலகையில் குடலைப் பிடுங்கிப் போட்ட மாதிரிக் கிடந்தது. கறுத்த ஒயில். கருகின நாற்றம். நானா ஒரு காந்தத்தை ஒயில் தட்டில் உரசி எடுத்துக் காட்டினார். இரும்புத் தூள் மயிர் முளைத்த மாதிரி அதில் ஒட்டியிருந்தது. வட்ட வட்டமான தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வண்டியை இழுக்க வேண்டியவை அவைதான். பிடிக்கிற பூச்செல்லாம் எரிந்து போயிருந்தது.

எரிந்ததை மட்டும் மாற்றித் தர முடியாதா என்று கேட்டேன்.

"மாத்தலாம் தங்கச்சி. காசும் பாதிதான் வரும். ஆனா இந்தத் தூள் உள்ளுக்குள்ள இரிக்கிற எல்லா ஓட்டைக்குள்ளயும் போயிட்டு. கொஞ்ச மாசத்துல மறுகாவும் கழட்ட வரும். அப்ப நீங்க ரெண்டு தரம் காசு குடுக்கணும்."

சாமான் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். எஞ்சினையும் கியரையும் சேர்க்கிற உருண்டையை வெட்டித் துப்புரவாக்கித் திரும்ப ஒட்டுவதற்கும் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். பழைய கியர் பொக்ஸ் ஒன்று வாங்கிப் பூட்டினால் என்ன என்றும் கேட்டேன். முந்தி ஜப்பானிலிருந்து வந்து குவிந்து கிடக்கும், இப்போது இறக்குமதி நின்றுபோனதால் கடைக்காரன் சொல்வதுதான் விலை, அதன் உள்ளே என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு விளங்கியது. பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் பயமாக இருந்தது. நானா பொய் சொல்லியிருந்தால் பேரமாவது பேசியிருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வெளிநாட்டு ஏஜென்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் போக முதலே கையில் ஒரு தொகை கொடுப்பார்கள். முன்பும் கேட்டு வந்தவர்தான். பிள்ளைகள் சின்னது என்று நான் அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை நானே ஆளனுப்பிக் கூப்பிட்டேன்.

என் கணவரிடம் அன்று பின்னேரம் சொன்னேன். அவர் வாசற்படியில் இருந்தார்.

"வான அப்பிடியே வித்திடுவம்" என்றார்.

"வித்துப்போட்டு?"

"எங்கயாவது கடையில காவலுக்கு நிக்கிறன்."

"வித்த காசு லீசிங்குக்கே காணாது. ரெண்டு வருசம்தானே. நான் போறன்."

அவர் பொய்க்காலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "என்ட காலுக்கும் நீதான் போகணுமா?"



ஏஜென்சி தந்த காசைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அது வந்த வழியை என் கணவர் நானாவிடம் சொன்னார். நானா கையைத் துடைத்துக்கொண்டு காசை வாங்கினார். புது ஒயிலுக்கு அவர் காசு எடுக்கவில்லை.

அந்த வானில்தான் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். பிள்ளைகளை என் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தோம். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு ஏழு. கியர் மாறுவதே தெரியாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நல்லாத்தான் ஓடுது என்று சொன்னேன். ஓம் என்றார்.

குவைத்தில் எனக்குக் கிடைத்தது படுத்த படுக்கையான ஒரு கிழவியைப் பார்க்கும் வேலை. பாரமான மனுசி. புரட்ட வேண்டும், தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும். இரவில் அவர் முனகினால் எழும்ப வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போன் கையில் தருவார்கள்.

நான் போய்க் கொஞ்ச நாளில் நாட்டில் எரிபொருள் இல்லாமல் போனது. வான் முற்றத்தில் நின்றது. வரிசையில் நின்று கிடைக்கும் கொஞ்சப் பெற்றோல் ஹயர் ஓடக் காணாது. சும்மா நின்றால் கியர் பொக்ஸ் பழுதாகும் என்று நானா சொன்னதால், இடைக்கிடை ஸ்டார்ட் பண்ணி ஒழுங்கை முனை வரை போய் வந்தார். வானுக்கு அடியில் கோழி முட்டையிட்டிருக்கிற படத்தை மகன் அனுப்பினான். அதைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அந்த வானுக்கான லீசிங் காசை நான்தான் அங்கிருந்து மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டுச் செலவும் அதே சம்பளத்தில்தான். மிச்சம் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து வந்து இறங்கியபோது மூன்று பேரும் வானோடு வந்திருந்தார்கள். மகன் வழக்கம்போல முன் சீட்டில் ஏறிக்கொண்டான். அது என் இடம் என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. நான் பின்னால் இருந்து வந்தேன்.

வீட்டில் மகள் தேத்தண்ணி ஊற்றினாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு, வந்த ஆளைக் கேட்கிற மாதிரி, "அம்மா, சீனி எவ்வளவு போட?" என்று கேட்டாள். சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, அவள்தான் வீட்டை ஓட்டியிருக்கிறாள். நான் வந்த அடுத்த வருடம், பதினோராம் வகுப்பு ஓஎல் பரீட்சையில் கணக்கில் தவறிவிட்டாள். திரும்ப எடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பார்ப்பம் என்கிறாள்.

கிழவியைத் தூக்கித் தூக்கி என் வலது தோள் போய்விட்டது. கை காதுக்கு மேலே எழும்பாது. தலைமுடியை மகள்தான் சீவிக் கட்டிவிடுகிறாள்.

வான் இப்போதும் நன்றாக ஓடுகிறது. போன மாதம் வெல்லாவெளியிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய வண்டியிலும் இதே கோளாறு. செய்ய எவ்வளவு காசு முடியும் என்று விசாரித்தார். என் கணவர் நானா எடுத்த தொகையைச் சொன்னார், இப்போது இன்னும் கூடியிருக்கும் என்றும் சொன்னார்.

"அவ்வளவு போட்டுச் செய்யிறது பெறுமதியா அண்ணன்?" என்று வந்தவர் கேட்டார்.

நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் கணவர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றார்.